குடகனாறு: அணை உடைந்த கதையும் அயிரை காணாமல் போன கதையும்

போன தடவை ஜி.எஸ்.டி. பற்றி எழுதியதற்கு, "டேய், இதைத்தானே கிளாஸ்லயும் கேட்டுக் கேட்டுச் சாகுறோம், இங்கேயுமா?" என்று வகுப்புத் தோழர்கள் திட்டித் தீர்த்துவிட்டார்கள். அதனால் இந்த முறை கணக்கு வழக்கு வேண்டாம், எங்கள் ஊர் ஆற்றைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். (கடைசியில் அதிலும் ஒரு கணக்கு வந்துவிட்டது. பழக்க தோஷம்.)

எங்கள் ஊர் செம்பட்டி. மதுரையிலிருந்து நிலக்கோட்டை வழியாகப் பழனிக்குப் பஸ்ஸில் போனவர்கள் நால்ரோட்டில் இறங்கி ஒரு டீ குடித்திருப்பீர்கள். திண்டுக்கல், வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம், நிலக்கோட்டை என்று நாலு பக்கமும் ரோடு பிரியும். ஊருக்குப் பெருமை அவ்வளவுதான் என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

ஆனால் இந்தப் பக்கத்தில் ரோடு மட்டுமல்ல, மழைத் தண்ணீரும் பிரிகிறது. மேற்கே தெரிகிற கீழ்ப்பழனி மலையில் பெய்யும் மழையில் ஒரு பங்கு ஆடலூர், பன்றிமலைப் பக்கமிருந்து இறங்கி ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத்துக்கு வந்து, குடகனாறாக வடக்கே போகிறது. திண்டுக்கல்லுக்கு வடக்கே தாடிக்கொம்பு, அப்புறம் வேடசந்தூர், அப்புறம் கரூர் மாவட்டத்தில் அமராவதி, அப்புறம் காவிரி. இன்னொரு பங்கு தாண்டிக்குடிப் பக்கமிருந்து மருதாநதியாக அய்யம்பாளையத்துக்கு இறங்கி, தெற்கே மஞ்சளாறு, வைகை என்று போகிறது. அதாவது பக்கத்துப் பக்கத்து மேட்டில் பெய்த ரெண்டு மழைத்துளியில் ஒன்று பூம்புகாருக்குப் போகும், இன்னொன்று ராமநாதபுரத்துக்குப் போகும். (போய்ச் சேர்ந்தால்!) பத்தாம் வகுப்புப் புவியியலில் 'நீர்ப்பிரிமேடு' என்று ஒரு மார்க்குக்காக மனப்பாடம் செய்தேனே, அது எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்திலேயே இருக்கிறது என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இதை எழுதக் காரணம் எங்கள் அம்மாச்சி. அம்மா பிறந்த ஊர் வேடசந்தூர்ப் பக்கம், அழகாபுரி அணைக்குக் கீழே. அந்தப் பக்கத்துக் கிழவிகளிடம் யாருக்காவது வயசு கேட்டால் வருஷம் சொல்ல மாட்டார்கள். "அணை ஒடைஞ்சப்ப இவன் கைப்புள்ள", "அணை ஒடைஞ்சதுக்கு மறுவருசம் இவளுக்குக் கல்யாணம்" என்றுதான் கணக்கு. சின்ன வயதில் எனக்கு அது ஏதோ புராணக் கதை மாதிரி இருந்தது. காலேஜ் வந்தபிறகுதான் படித்துப் பார்த்தேன்.

1977 நவம்பர் 12. நாகப்பட்டினத்துக்குக் கொஞ்சம் தெற்கே ஒரு பெரும் புயல் கரையைக் கடந்தது. கடலோரத்தோடு அது ஓயவில்லை. மேற்கே நகர்ந்து திருச்சி, கரூர், திண்டுக்கல் என்று உள்நாட்டில் கொட்டித் தீர்த்தது. தமிழ்நாட்டில் சுமார் 560 பேர் இறந்ததாகக் கணக்கு. அந்த வெள்ளத்தில்தான் அழகாபுரியில் குடகனாற்றின் குறுக்கே கட்டியிருந்த மண் அணை உடைந்தது. அப்போதுதான் கட்டி முடித்த புத்தம் புது அணை!

இது ஏன் வெளியூர்க்காரர்கள் யாருக்கும் தெரியவில்லை? ஒரே வாரத்தில், நவம்பர் 19-ம் தேதி, ஆந்திராவில் திவிசீமைப் புயல் வந்து பத்தாயிரம் பேருக்கு மேல் கொண்டுபோய்விட்டது. பேப்பர்கள் எல்லாம் அங்கே திரும்பிவிட்டன. நம்ம ஊர் வெள்ளம் இரண்டாம் பக்கத்துக்குப் போய், அப்புறம் காணாமலே போய்விட்டது.

அணை உடைந்த விதத்தைப் பொறியியல் புத்தகங்களில் பாடமாகவே வைத்திருக்கிறார்கள். ஆற்றுப்படுகையிலிருந்து 11.45 மீட்டர் உயரம். விநாடிக்கு 1,275 கன மீட்டர், அதாவது சுமார் 45,000 கன அடி வெள்ளம் வந்தாலும் தாங்கும் என்று திட்டம். அதற்கு மேலேயும் தண்ணீர் மட்டத்திலிருந்து கரை உச்சி வரை இரண்டரை மீட்டர் இடைவெளி விட்டிருந்தார்கள். ஐந்து ஷட்டர்கள், ஒவ்வொன்றும் பத்தடி அகலம். வெள்ளம் வந்தபோது ஷட்டரைத் தூக்கப் போனார்கள். பாதி தூக்கும்போது கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டரை ஓடவிட்டார்கள், உதவவில்லை. கையால் சுற்றிப் பார்த்தார்கள், முடியவில்லை. தண்ணீர் கரைக்கு மேலேயே ஏறி, பின்பக்கச் சரிவில் அருவி மாதிரி விழுந்து மண்ணை அரித்தது. ஓரிடத்தில் அல்ல, பல இடங்களில் உடைப்பு. 20 மீட்டரிலிருந்து 200 மீட்டர் வரை நீளமுள்ள உடைப்புகள்!

இங்கேதான் என் காமர்ஸ் மூளை சும்மா இருக்கவில்லை. அந்த அணையின் கொள்ளளவு 12.3 மில்லியன் கன மீட்டர், நம்ம பேச்சில் சுமார் 43 கோடியே 40 லட்சம் கன அடி. விநாடிக்கு 45,000 கன அடி வந்தால் காலி அணை நிரம்ப எவ்வளவு நேரம்? வகுத்துப் பாருங்கள். சுமார் 2 மணி 40 நிமிடம். அவ்வளவுதான்! ஒரு சினிமா பார்த்துவிட்டு வருவதற்குள் நிரம்பிவிடும். இவ்வளவு சின்ன அணை பெரிய வெள்ளத்தைத் 'தடுக்கவே' முடியாது. ஷட்டரைத் திறந்து கடத்திவிடத்தான் முடியும். ஆனால் அணை என்று ஒன்று கட்டிவிட்டால் கீழே இருக்கிற ஜனங்களுக்கு மனதில் என்ன தோன்றும்? இனிமேல் ஆறு வராது என்றுதான் தோன்றும். அம்மாச்சியும் அதையேதான் சொல்லும்: "அணை இருக்குன்னு தைரியமா தூங்கிட்டு இருந்தோம்ப்பா."

இதுவரை படித்துவிட்டு, மின்சாரம் போனதுதானே காரணம், ஆறு என்ன செய்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் மீனைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

அம்மாச்சியிடம் ஒருநாள் பழைய ஆறு எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"ஆறு நேரா போகாதுப்பா. நெளிஞ்சு நெளிஞ்சு போகும். வளைவுக்கு வளைவு ஒரு மடு இருக்கும். சித்திரையிலயும் இடுப்பளவு தண்ணி கிடக்கும். மணல்ல கையை விட்டு அள்ளுனா அயிரை வரும்."

"விரால் எல்லாம் கிடைக்குமா அம்மாச்சி?"

"விரால், கெளுத்தி, குறவை, ஆரால், எல்லாந்தான். உங்க தாத்தா ஊத்தாவத் தூக்கிட்டுப் போனா வெறுங்கையோட வரமாட்டாரு. புதுத்தண்ணி வந்தா கெண்டை எதுத்து ஏறும் பாரு, வெள்ளி உருக்கி ஊத்துன மாதிரி இருக்கும்."

அம்மாச்சி சொன்ன ஒவ்வொன்றிலும் ஒரு விஞ்ஞானம் இருக்கிறது. அயிரை மணலுக்குள் புதைந்து வாழும் மீன். மணல் இல்லையென்றால் அதற்கு வீடே இல்லை. விரால் ஓரத்துக் கோரைக்குள், ஓட்டம் இல்லாத தண்ணீரில் கூடு வைத்து, குஞ்சுகளைத் தாய் தகப்பன் மாதிரி காவல் காக்கும். கரை செங்குத்தாக இருந்தால் அதற்கு இடமில்லை. கெண்டைகளில் பல ஜாதி புதுவெள்ளத்தில் மேலேறி, ஆறு கரை தாண்டிப் பரவிய ஆழமில்லாத இடத்தில் முட்டையிடும். வழியில் குறுக்குச் சுவர் இருந்தால் அங்கேயே நின்றுவிட வேண்டியதுதான். கோடையில் ஆறு வற்றும்போது எல்லா மீனும் மடுவுக்குள் ஒதுங்கி, அடுத்த மழை வரை உயிர் பிடித்துக்கொண்டிருக்கும்.

இப்போது இதே பட்டியலை வெள்ளத்தின் பக்கம் இருந்து படியுங்கள். வளைவு, மடு, மணல், கோரை மண்டிய ஓரம், கரை தாண்டிப் பரவும் சமவெளி. வெள்ளத்தின் வேகத்தைக் குறைப்பவை எல்லாம் இவைதான்! வளைவை வெட்டி நேராக்கினால் நீளம் குறையும், சரிவு கூடும், தண்ணீர் வேகமெடுக்கும். மணலை அள்ளினால் தண்ணீரை உறிஞ்சி வைக்கிற பஞ்சு போய்விடும். பரவும் இடத்தில் வீடு கட்டினால் பரவ வேண்டிய தண்ணீர் மொத்தமும் நடு ஆற்றிலேயே கீழே போகும். பத்து பேர் ஒவ்வொருவராகக் கடைக்குள் நுழைவதற்கும் பத்து பேரும் ஒரே தள்ளில் நுழைவதற்கும் உள்ள வித்தியாசம். பேர் அதே பத்துதான், ஆனால் கதவு உடைந்துவிடும்.

ஆகவே மீனுக்கு வீடாக இருந்ததும் ஊருக்குக் காவலாக இருந்ததும் ஒன்றேதான். இரண்டையும் தனித்தனியாகப் பார்த்து, மீன் போனால் போகிறது வெள்ளம் வராமல் இருந்தால் சரி என்று சொல்ல முடியாது. இரண்டும் சேர்ந்துதான் போகும்.

நம்ம ஊரில் மட்டும் இல்லை இது. அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்தில் கிஸ்ஸிமீ என்று ஒரு ஆறு. 1947-ல் புயல் வெள்ளம் வந்ததால், 1962 முதல் 1971 வரை வேலை செய்து, 166 கிலோமீட்டர் நெளிந்து ஓடிய ஆற்றை 90 கிலோமீட்டர் நேர்க்கால்வாயாக வெட்டிவிட்டார்கள். 30 அடி ஆழம். கரையோரச் சதுப்பு காய்ந்தது. குளிர்காலத்துக்கு வரும் வாத்துகளில் பத்தில் ஒன்பது பங்கு வராமல் போனது. தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து, நல்ல மீன்கள் போய், நம்ம விரால் மாதிரி மேலே வந்து காற்றைக் குடித்துப் பிழைக்கிற மீன்கள்தான் மிஞ்சின. அப்புறம் ஞானம் வந்து, 1999-ல் தொடங்கி 2021 வரை கால்வாயை மண் போட்டு மூடி, சுமார் 70 கிலோமீட்டர் ஆற்றைப் பழையபடி வளைய விட்டிருக்கிறார்கள். செலவு சுமார் 100 கோடி டாலர். வெட்டியதற்கு ஆன செலவைவிட மூடியதற்கு ஆன செலவு பல மடங்கு. 'சன்க் காஸ்ட்' பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எங்கள் புத்தகத்தில் இல்லை.

நம்ம காவிரியிலும் இதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. வங்காளிகள் உயிரை விடுகிறார்களே, ஹில்சா, நம்ம ஊரில் உல்லம். கடலிலிருந்து கொள்ளிடம் வழியாகக் காவிரியில் ஏறி முட்டையிடும் மீன் அது. 1836-ல் ஆர்தர் காட்டன் முக்கொம்பு மேலணையும் அணைக்கரை கீழணையும் கட்டினார். பாசனத்துக்கு அது வரப்பிரசாதம், அதில் சந்தேகமில்லை. ஆனால் 1873-லேயே பிரான்சிஸ் டே என்ற மீன் ஆய்வாளர், இந்த அணைக்கட்டுகள் உல்லத்தின் வழியை மறிக்கின்றன என்று அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதிவிட்டார். பிறகு மீன் ஏற வழி வைத்துப் பார்த்தும் சரிப்படவில்லை. 1934-ல் மேட்டூர் அணை வந்ததோடு மேல்காவிரியில் உல்லம் கதை முடிந்தது. அதே காவிரிக் குடும்பத்தில், எங்கள் குடகனாறு போய்ச் சேரும் அமராவதிக்கு மேலே பாம்பாறு இருக்கிறது. அங்கே கிடைத்த மீன்களை வைத்துத்தான் காவிரியின் மகசீர் கெண்டைக்கு 'டோர் ரமாதேவி' என்று அறிவியல் பெயர் நிலைத்தது. 50 கிலோவுக்கு மேல் வளரும் ராட்சசக் கெண்டை! 2018-ல் அது அழிவின் விளிம்பில் இருக்கும் இனம் என்று உலகப் பட்டியலில் ஏறிவிட்டது.

குடகனாற்றுக்கு வருவோம். உடைந்த அணையை மறுபடி கட்டினார்கள். ஆனால் அதற்குப் பிந்தைய காலத்தில் இந்த ஆற்றின் பிரச்சினை வெள்ளம் அல்ல, தண்ணீரே வராததுதான். ஆத்தூர்ப் பக்கம் நரசிங்கபுரம் ராஜவாய்க்கால் என்று ஒரு பழைய வாய்க்கால் பிரிகிறது. வாய்க்காலுக்கு எவ்வளவு, ஆற்றுக்கு எவ்வளவு என்பதில் தகராறு. தலைப்பில் தடுப்பு வைத்து ஆற்றுக்கு வரவேண்டியதை மறித்துவிட்டார்கள் என்று குடகனாற்றுப் பக்கத்து ஊர்க்காரர்கள் சொல்ல, இது எங்கள் பரம்பரைப் பாசன உரிமை என்று வாய்க்கால் பக்கத்து விவசாயிகள் சொல்ல, 2020-ஐ ஒட்டிய ஆண்டுகளில் போராட்டம், கோர்ட், வல்லுநர் குழு என்று நீண்டது. எனக்கு இரண்டு பக்கமும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது என்று அம்மா முன்கூட்டியே எச்சரித்துத்தான் அழைத்துப் போகும். :-)

இந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று சொல்ல எனக்கு வயசும் இல்லை, தைரியமும் இல்லை. நான் கவலைப்படுவது வேறு விஷயம். பத்து வருஷம் தண்ணீர் வராத ஆறு என்ன ஆகும்? சீமைக்கருவேலம் நடு ஆற்றில் மரமாகும். (2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதைப் பிடுங்கச் சொன்னது. கொஞ்ச நாள் ஊரே பிடுங்கியது. பிறகு அதற்கு இடைக்காலத் தடை வந்தது. பிடுங்கிய இடத்தில் மறுபடி முளைத்துவிட்டது.) மணல் லாரியில் போகும். வரப்பு ஒவ்வொரு வருஷமும் ஒரு முழம் ஆற்றுக்குள் நகரும். கட்டட இடிபாட்டைக் கொட்டுவார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. கண்ணுக்கு முன்னால் ஆறே இல்லையே, பிறகு எதை ஆக்கிரமித்ததாக நினைப்பார்கள்?

ஆனால் மேலே மலை அப்படியேதான் இருக்கிறது. புயல் வருவதும் நிற்கவில்லை. காய்ந்த ஆறு வெள்ளம் வராத ஆறு இல்லை. இன்னொரு 1977 வந்தால் அந்தத் தண்ணீர் 1977-ல் இருந்த அகலத்தைத் தேடும். அது இப்போது இருக்காது. 2015 டிசம்பரில் சென்னையில் அடையாறு செய்ததும் இதுதான். வருஷம் முழுக்கச் சாக்கடை என்று நினைத்த ஒன்று ஒரே இரவில் தான் ஆறு என்று காட்டிவிட்டது.

தண்ணீரின் தரத்தையும் சொல்லாமல் விட முடியாது. திண்டுக்கல் தோல் ஷாப்புகளின் கழிவு பற்றி உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1996-ல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுத் தோல் பதனிடும் ஆலைகள் பற்றிச் சொன்ன பிரபலமான தீர்ப்பில் எங்கள் மாவட்டமும் இருக்கிறது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களில் 13 கிராமங்களில் எடுத்த கணக்கில் 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன என்று அதில் பதிவாகியிருக்கிறது. வெள்ளம் வந்தால் கழுவிக்கொண்டு போகும். ஓட்டமே இல்லாத ஆற்றில் அது நின்றே இருக்கும். அந்தத் தண்ணீரில் மிஞ்சுகிறவை கிஸ்ஸிமீயில் மிஞ்சிய அதே வகையறாதான். காற்றைக் குடிக்கிறவை, எதையும் தாங்குகிறவை. நாம் ஜிலேபி கெண்டை என்று சொல்லும் திலேப்பியா 1952-ல் வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மீன். இன்று எந்தக் குட்டையில் தூண்டில் போட்டாலும் முதலில் அதுதான் வருகிறது. குளத்தை ஏலம் எடுப்பவர்கள் விடுவது கட்லா, ரோகு. அவை கங்கைப் பக்கத்து மீன்கள். அயிரையை யாரும் விடுவதில்லை. அது தானாக இருக்க வேண்டிய மீன், மணல் இருந்தால். மதுரையில் ஒரு தட்டு அயிரைக் குழம்பு என்ன விலை என்று விசாரித்துப் பாருங்கள், புரியும்.

போன பொங்கலுக்கு அம்மாச்சி வீட்டுக்குப் போயிருந்தபோது, பழைய கரை எது என்று காட்டச் சொன்னேன். சாயங்காலம் மெதுவாக நடந்து வந்தது. ஆற்றைப் பார்த்துப் போகும் என்று நான் முன்னால் நடந்தால், அம்மாச்சி வீட்டு வாசலைத் தாண்டவே இல்லை. பின்பக்கம் திரும்பி, எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கிற புளியமரத்தைக் காட்டியது.

"அதுக்கு அங்கிட்டுத்தான்ப்பா கரை. இந்தத் தெருவெல்லாம் அப்ப ஏது? ஒடைப்புக்கு அப்புறம் மண்ணு மேடு போட்டுக் கிடந்துச்சு, அப்படியே வீடு கட்டிக்கிட்டோம்."

எங்கள் மாமா இப்போது அந்த வீட்டுக்கு மாடி எடுத்துக்கொண்டிருக்கிறார். நான் சொன்னதற்கு, "பத்திரம் சுத்தமா இருக்குடா" என்றார்.

வேடசந்தூர், அரவக்குறிச்சிப் பக்கத்து நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் வீட்டில் 1977 நவம்பரை நேரில் பார்த்தவர்களிடம் இரண்டு விஷயம் கேட்டு எனக்கு எழுதுங்கள். தண்ணீர் உங்கள் ஊரில் எந்த இடம் வரை வந்தது? ஆற்றில் கடைசியாக அயிரை பிடித்தது எந்த வருஷம்? நாலைந்து ஊர் சேர்ந்தால் ஒரு வரைபடம் போட்டு அடுத்த தடவை வெளியிடுகிறேன். செமஸ்டர் முடிந்தபிறகு!